வாந்தி முகாமில் ஒரு அரிவாள்

அத்தியாயம் 11

முதல் கல் ஜீப்பின் முன் கண்ணாடியைப் பிளந்தது. அடுத்த கல் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து பிச்சைமணியின் தோளில் விழுந்தது.

“குறி தப்பாம எறியிறானுகக்கா. நம்ம பக்கத்துல இம்புட்டுத் திறமை இருக்கிறது தெரியாமப் போச்சே” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பேசாம வண்டிய வாசலுக்குக் குறுக்க கொண்டுபோய் நிறுத்து” என்றாள் கிருபாவதி.

ஜீப் கூட்டத்துக்குள் புகுந்தது. அரிவாளும் கம்புமாக நின்றவர்கள் இரண்டு பக்கமும் தெறித்து விலகினார்கள். ராயப்பன்பட்டியின் மேற்குக் கடைசியில் இருந்த அந்தச் சின்ன ஓட்டு வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்ட பசு ஒன்று கருகிய முதுகோடு தெருவில் ஓடியது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள். அவளுக்கு மேலாக ஒரு குழந்தை அலறியது.

கிருபாவதி இறங்கி, மூடிய கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அவள் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்த கையோடு தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். தேனியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இப்போது துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். பிச்சைமணி அவளுடைய டிரைவர், உதவியாளர். கேரள எல்லையில் குமுளிப் பக்கம் வேலை வந்தால் மலையாளமும் அவன் பொறுப்பு. எந்த நிலைமையிலும் வாயை மூடமாட்டான் என்பது மட்டும்தான் குறை.

“தள்ளு தாயி” என்றான் முன்னால் நின்ற இளைஞன். கையில் அரிவாள். “எங்க மச்சானக் கைய வெட்டிக் கொன்னவன் வீடு இது. இங்கன ஒரு செங்கல் மிஞ்சக் கூடாது.”

“கொன்னவன் ஸ்டேஷன்ல இருக்கான்னு நீங்கதான சொல்றீக? உள்ள இருக்கிற பிள்ள யாரக் கொன்னுச்சு?”

பதிலாக அரிவாள் வந்தது. அவள் தலையை விலக்க, காதோரத்தில் கதவு நிலையில் ஆழமாகப் பதிந்து நின்றது. தெறித்த மரச்சில்லு அவள் கன்னத்தைக் கிழித்தது. அவன் அரிவாளைப் பிடுங்குவதற்குள் கிருபாவதி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். அவன் முழங்காலில் விழுந்தான். கூட்டம் உறுமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது.

“ஏலே, விடுங்கடா! பொம்பளையும் பிள்ளையும் இருக்கிற வீடு!”

கூட்டம் பிளந்து வழி விட்டது. வந்தவர் தங்கப்பாண்டியன். ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் முதலாளி. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்களுக்கு அவர் வண்டியில் போனால்தான் வேலை. அவர் முகம் வெளுத்திருந்தது.

“நானே வாந்தி பேதியில கெடந்து நேத்துத்தான் முகாம விட்டு வந்தேன். எனக்கும் கோவம் இருக்கு. ஆனா போலீஸ் விசாரிக்கட்டும். பொழுது அடையிற வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள அந்தப் பய சுருளியாண்டி ஒத்துக்கலேன்னா, அப்புறம் உங்கள நான் தடுக்க மாட்டேன்.”

கூட்டத்தின் பின்னால் ஒரு பெண் அசையாமல் நின்றாள். இறந்தவனின் மனைவி அக்கம்மாள்.

“சமைச்ச கையத்தான தாயி வெட்டியிருக்கான்” என்றாள் கிருபாவதியைப் பார்த்து. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தம்பிமார்களும் கூட்டத்தாரும் அவள் பின்னால் போனார்கள்.

கிருபாவதி கன்னத்து ரத்தத்தைத் துடைத்தாள். பிச்சைமணி கதவு நிலையிலிருந்த அரிவாளைப் பிடுங்கப் பார்த்து முடியாமல் விட்டான்.

“நிலைக்குள்ள இம்புட்டு இறங்கியிருக்கு. உங்க மண்டையா இருந்தா அந்தப் பக்கம் வந்திருக்கும்.”

“ஆறுதலா ஏதாச்சும் சொல்லத் தெரியுமா உனக்கு?”

“மண்ட தப்பிச்சிருச்சேக்கா.”

*

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டியில் ஒரு பெரிய கல்யாணம். சமையல் கோட்டைச்சாமி. திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து ஊரே வாந்தி எடுத்தது. கல்யாணம் நடந்த மண்டபத்திலேயே பாய் விரித்து, குளுக்கோஸ் பாட்டில்களைத் தொங்கவிட்டு முகாம் போட்டார்கள். திராட்சைத் தோட்டத்துக் கூலியான சுருளியாண்டியின் மகள் கண் செருகிக் கிடந்தபோது, அவன் மண்டப வாசலில் நின்று கத்தினான்: “சமைச்சவன் கைய வெட்டாம விடமாட்டேன்!”

செவ்வாய் மத்தியானம் ஒரு திராட்சைப் பந்தலின் அடியில் கோட்டைச்சாமி கிடந்தான். கழுத்தில் இரண்டு வெட்டு. வலது கை மணிக்கட்டோடு தனியாகக் கிடந்தது. போலீசுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து சுருளியாண்டியின் உள்ளங்காலில் லத்தி விழுந்துகொண்டிருக்கிறது. அவன் மனைவி பாண்டீஸ்வரிதான் கிருபாவதியைக் கூப்பிட்டாள்.

இன்று வியாழன். காலையில் அந்தப் பந்தலுக்கடியில் தவழ்ந்து தேடியபோது, ரத்தம் காய்ந்த இடத்துக்குப் பக்கத்து வாய்க்காலில் கிருபாவதிக்கு ஒரு பொருள் கிடைத்தது. கை கழுவும் சானிட்டைசர் பாட்டில். பாதி காலி. லேபிளில் மலையாளம். கூட்டம் கலைந்த பிறகுதான் ஜீப்பில் உட்கார்ந்து அதை நன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

“பன்றிக் காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, கொலைகாரன்கூட சுத்தபத்தமாயிட்டான்” என்றான் பிச்சைமணி.

“கொலைகாரனோடதா இருந்தா அவன் குமுளிப் பக்கம் போய்வர்ற ஆளு. சுருளியாண்டி எல்லை தாண்டுனதே இல்ல. முதல்ல முகாமுக்குப் போவோம். டாக்டர்மாரு கையில இது இருக்கும். அவுக யாரும் போட்டுட்டுப் போயிருந்தா நம்ம கதை முடிஞ்சுச்சு.”

*

மண்டபத்துக்குள் குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்க வெள்ளைத் திட்டு. டாக்டர் ஞானசிகாமணி. கல்யாணப் பெண்ணின் சித்தப்பா. மருத்துவம் படித்துவிட்டு வெளியூரில் ஒரு வைரஸ் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக இருப்பவர். அண்ணன் மகளுக்கு மோதிரம் போட வந்தவர், வாளியோடு நிற்கிறார்.

கிருபாவதி நீட்டிய பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

“இதை என் முகாமுக்குள்ள விடவே இல்லம்மா. இந்த நோய்க்கு இதைத் தடவுறதும் பன்னீர் தெளிச்சுக்கிறதும் ஒண்ணுதான்.”

“எல்லாக் கிருமியும் சாகும்னு போட்டிருக்கே சார்” என்றான் பிச்சைமணி.

“பன்றிக் காய்ச்சல் சாகும். இது நோரோ வைரஸ். சாகாது. ஏன்னு சொல்றேன், கேளு.” வாளியைக் கீழே வைத்தார். “ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்துர்றான். அந்த வீட்டுச் சேலைகளையே எடுத்து, கிழிச்சு, மூலையில சின்னச் சின்னத் தடுப்பாக் கட்டி, உள்ள உக்காந்து கள்ளநோட்டு அடிக்கிறான். காவல்காரன் வந்து பாத்தா என்ன தெரியும்?”

“வீட்டுச் சேலைதான் தெரியும்.”

“அதேதான். நம்ம குடல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மடிப்பு மடிப்பா சவ்வு இருக்கு. செல்லு தன் வேலைக்காக வச்சிருக்கிற சவ்வு. இந்த வைரஸ் உள்ள போனதும் அந்தச் சவ்வைத்தான் பிரிச்சு இழுத்துக் குட்டிக் குட்டிப் பையாக்குது. அந்தப் பைமேல ஒட்டி, அதுக்குள்ள மறைஞ்சு, தன்னைத்தானே நகல் எடுக்குது. உடம்போட காவலுக்கு வெளிய இருந்து பாத்தா நம்ம சவ்வு மாதிரியே இருக்கும். மனுஷனுக்கு வர்றதை ஆய்வுக்கூடத் தட்டுல வளர்க்க முடியல. எலிக்கு வர்ற அதோட தங்கச்சியை வச்சுத்தான் இம்புட்டும் கண்டிருக்கோம்.”

“அதுக்கும் இந்தப் பாட்டிலுக்கும்?” என்றாள் கிருபாவதி.

“காய்ச்சல் வைரஸ் வெளிய போறப்ப நம்ம சவ்வையே போர்த்திக்கிட்டுப் போகும். அது கொழுப்பு. இந்தத் திரவம் பட்டா கரைஞ்சிரும், ஆளும் செத்துருவான். நோரோ அப்படி இல்ல. வேலை முடிஞ்சதும் சேலையெல்லாம் அங்கனயே போட்டுட்டு, புளியங்கொட்டை மாதிரி கெட்டியான ஓட்டோட வெளிய வந்துரும். கரைக்கிறதுக்கு அதுமேல ஒண்ணுமே இல்லையே! சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா கையை விட்டுப் போகும். தரைக்குப் பிளீச்சிங் பவுடர்.”

“அப்ப அது சேலை கட்டிக்கிட்டு வருது, இது அம்மணமா வருது” என்றான் பிச்சைமணி.

“நீ எங்ககிட்ட மாணவனா வந்திருக்கலாம்” என்றார் டாக்டர், சிரிக்காமல். “தொத்தினா ஒரு நாள், ரெண்டு நாள்ல ஆளைச் சாய்க்கும். ரெண்டு நாள் ஆட்டிட்டு விட்டுரும். வந்து போனவுகளை அதே கிருமி உடனே திரும்பித் தொடாது. அதுவரைக்கும் தண்ணி வத்தாமப் பாத்துக்கிட்டா போதும்.”

கிருபாவதி பாய்களைப் பார்த்தாள். “செவ்வாய்க்கிழமை இங்கன இருந்தவுகள்ல யாராச்சும் வெளிய போனாகளா?”

“எப்படிம்மா சொல்ல? ஒரு பாய்க்கு ஒருத்தர் கிடக்கிறதே அபூர்வம். மீதி நேரம் எல்லாரும் பின்பக்கம் கக்கூசு வரிசையிலதான்.”

“பேதி முகாம்ல ஆளக் காணோம்னா எவன் தேடுவான்?” என்றான் பிச்சைமணி. “வராம இருந்தாத்தான் நிம்மதி.”

கிருபாவதி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

முன் கண்ணாடி இல்லாத ஜீப்பில் கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்தபோது இருவர் கண்ணிலும் தூசி. மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் மலையிலிருந்து இறங்கும் இடத்தைக் கடந்து ஜீப் ஏறியது. ஒரு வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து, அந்த இடத்தில் மூன்று சிலுவைகளைச் சுண்ணாம்பில் வரைந்திருந்தார்கள்.

“போன வருஷம் இங்கனதான் தங்கப்பாண்டியன் ஜீப்பு உருண்டுச்சு” என்றான் பிச்சைமணி. “ஏலக்காய் பறிக்கப் போன மூணு பொம்பளைக செத்துப்போனாக. எனக்கு ஒருத்தியத் தெரியும்.”

குமுளியில் மூன்றாவது மருந்துக் கடையில் பதில் கிடைத்தது. கடைக்காரர் பாட்டிலைப் புரட்டிப் பார்த்தார்.

“நம்ம கடையிலே கொடுத்ததுதான் சேச்சி. செவ்வாய்க்கிழமை காலையிலே. ஒரு பெட்டி முழுக்க ஒரே ஆள் கொண்டு போயி. அதுக்குப் பிறகு வந்தவங்களுக்கு நான் இல்லைன்னு சொல்ல வேண்டி வந்தது.”

“ஆளு யாரு?”

“வைகுண்டராஜ். உங்க ஊர் ஜீப்பு டிரைவர்.”

வெளியே வந்ததும் பிச்சைமணி ஜீப்பின் பானெட்டில் ஓங்கித் தட்டினான்.

“முடிஞ்சதுக்கா! அந்த விபத்துக் கேஸ்ல குற்றவாளியே வைகுண்டராஜ்தான். ஜாமீன்ல இருக்கான். கண்ணால பாத்த ஒரே சாட்சி யாருங்கிறீக? நம்ம கோட்டைச்சாமி! ஒரு விசேஷத்துக்குச் சமைச்சிட்டு வாறப்ப அந்த வளைவுல நின்னுருக்காரு. வர்ற திங்கக்கிழமை கூண்டு ஏறணும். ஊரு வாந்தி எடுக்கிற நேரமாப் பாத்துச் சாட்சிய முடிச்சிட்டான். சுருளியாண்டி கைய வெட்டுவேன்னு கத்துனது வேற வசதியாப் போச்சு.”

“அதுக்கு ஒரு பெட்டி எதுக்குடா? கொலை பண்ணிட்டுக் கை கழுவ ஒரு பாட்டில் போதாதா?”

“நிறைய கொலை பண்ற யோசனையோ என்னமோ.”

அவள் சுருளியாண்டியைப் பிடித்து வைத்திருந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, வைகுண்டராஜின் பெயரைச் சொல்லி, கூடலூர் ஜீப் ஷெட்டுக்கு வரச் சொன்னாள். அவர் அலுத்துக்கொண்டார். வருகிறேன் என்றார்.

*

கூடலூருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருந்தது தங்கப்பாண்டியனின் ஜீப் ஷெட். சாயங்கால வெயில் தகரக் கூரையில் சரிந்திருந்தது. ஜீப்புகள் எல்லாம் எஸ்டேட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வாசலில் நின்ற ஒன்றைத் தவிர ஷெட் காலியாக இருந்தது. உள்ளே, டயர் அடுக்குக்குப் பின்னால் யாரோ முனகினார்கள்.

பிச்சைமணி டயர்களைத் தள்ளினான். தரையில் ஒருவன் கிடந்தான். கைகள் முதுகுக்குப் பின்னால் வண்டி இழுக்கும் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. முன்பற்கள் இல்லை. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“யாருடா நீ?”

“வைகுண்டராஜ்” என்றான், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

பிச்சைமணி கிருபாவதியைப் பார்த்தான். “நம்ம கொலைகாரனை வேற எவனோ கொன்னுக்கிட்டு இருக்கான்க்கா.”

கிருபாவதி மண்டியிட்டுச் சங்கிலியை அவிழ்த்தாள். “கோட்டைச்சாமியக் கொன்னியா?”

“நானா?” அவன் அழத் தொடங்கினான். “என்னயக் காப்பாத்த இருந்த ஒரே மனுஷன் அவருதான்க்கா. அன்னிக்கு ஜீப்ப ஓட்டுனது நான் இல்ல. தண்ணியப் போட்டுட்டு முதலாளிதான் ஓட்டுனாக. நான் பின்னால தொங்கிக்கிட்டு வந்தேன். ஜெயிலுக்குப் போ, குடும்பத்த நான் பாத்துக்கிறேன்னாக. பயந்துக்கிட்டுத் தலையாட்டிட்டேன். கோட்டைச்சாமி அண்ணன் மட்டும், ‘ஸ்டியரிங்குல யாரு இருந்தான்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன், கோர்ட்டுல சொல்லுவேன்’னாரு. அவரு செத்துட்டாருன்னதும் நேத்து வந்து முதலாளியக் கேட்டேன். கேட்டதுக்குத்தான் இது. ராத்திரி என்னய ஜீப்புல வச்சு அதே வளைவுல உருட்டப் போறாக.”

“பாட்டில் ஒரு பெட்டி வாங்குனியே, எதுக்கு?”

“செவ்வாய்க்கிழமை காலையில போன் போட்டு முதலாளிதான் வாங்கியாரச் சொன்னாக. முகாமுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். பாயிக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டாக. நிமிஷத்துக்கு ஒருக்காக் கையில ஊத்தி ஊத்தித் தேய்ச்சுக்கிட்டுக் கெடந்தாக.”

கிருபாவதி மெதுவாக எழுந்தாள்.

“பிச்சை, ஒருத்தன் வாந்தி பேதி வந்து முகாம்ல படுத்திருக்கான். ஏற்கெனவே வந்துருச்சு. அவன் எதுக்காக அது தொத்திரக் கூடாதுன்னு கையத் தேய்க்கணும்?”

பிச்சைமணியின் வாய் திறந்தது. பதில் வருவதற்குள் ஜாக்கிக் கம்பி வந்தது.

பின்னாலிருந்து விழுந்த அடியில் அவன் முன்கை எலும்பு முறியும் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அவன் டயர்களின் மேல் சரிந்தான். தங்கப்பாண்டியன் ஒரு கையில் கம்பியும் மறு கையில் அரிவாளுமாக நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“முந்நூறு பேர் பாத்தாக, நான் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுக் கெடந்தத” என்றார். “நீ ஒருத்தி சொன்னா எவன் நம்புவான்?”

“ஊசியப் பிடுங்கிட்டுக் கக்கூசு வரிசைப் பக்கமாப் பின்வாசல்ல போனீக. தோட்டத்துக்குப் போய்வர அரை மணி நேரம். திரும்பி வந்து படுத்துக்கிட்டீக. யாரும் தேடல.” பேசிக்கொண்டே கிருபாவதி தரையில் கிடந்த சங்கிலியைக் காலால் தன் பக்கம் இழுத்தாள். “ஆனா இடுப்புல வச்சிருந்த பாட்டில் வாய்க்கால்ல விழுந்தத நீங்க பாக்கல.”

அரிவாள் காற்றைக் கிழித்தது. அவள் சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துத் தடுத்தாள். தீப்பொறி பறந்தது. இரண்டாவது வெட்டு சங்கிலியில் சறுக்கி அவள் முன்கையில் இறங்கியது. மூன்றாவதுக்கு முன் அவர் ஜாக்கிக் கம்பியால் அவள் முழங்காலில் அடித்தார். அவள் மல்லாந்து விழுந்தாள். வைகுண்டராஜ் தவழ்ந்து வந்து அவர் காலைக் கடித்தான். அவனை அவர் எட்டி உதைத்த உதையில் அவன் தலை ஜீப் பம்பரில் மோதி நின்றது.

தங்கப்பாண்டியன் அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அரிவாள் இறங்கவில்லை. அவர் முகம் சாம்பல் நிறமானது. கண்கள் பிதுங்கின. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அடுத்த நொடி, குடலே வெளியே வருவது போல் வாந்தி எடுத்தார். ஒருமுறை நின்று, மூச்சை இழுத்து, மறுபடியும்.

கிருபாவதி சங்கிலியைச் சுழற்றினாள். அது அவர் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது. அரிவாள் தரையில் விழுந்ததும் அதன்மேல் ஏறி நின்றாள்.

அவர் தன் வாந்தியிலேயே முழங்காலிட்டிருந்தார். வேட்டி நனைந்து நாறியது.

“செவ்வாய்க்கிழமை வந்தது நடிப்பு. இதுதான் நிஜம்” என்றாள் அவள், மூச்சு வாங்க. “முகாம்ல தொத்தி ரெண்டு நாள் ஆச்சு. ஒருதடவை வந்திருந்தா, அதே கிருமி அதே வாரத்துல திரும்பி வராதாம். முந்நூறு பேரு உங்களுக்காகச் சொல்ற சாட்சிய, உங்க வயிறு ஒண்ணே பொய்யாக்கிருச்சு.”

“அத்தன தேய்ச்சேனே!” தங்கப்பாண்டியன் உடைந்த கையைத் தரையில் ஊன்றமுடியாமல் கதறினார். “எல்லாக் கிருமியும் செத்துரும்னு பாட்டில்லயே எழுதியிருந்துச்சேடி! பெட்டி முழுக்கத் தேய்ச்சும் எப்பிடி வந்துச்சு?”

டயர்களின் மேலிருந்து, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பிச்சைமணி வலியில் அழுதபடியே சிரித்தான்.

“இன்ஸ்பெக்டர் ஐயா வாசல்லதான் நிக்காக அண்ணே. அந்தக் கேள்விய அவரு காது கேக்க இன்னொருதரம் கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் உண்மையாகவே வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கான்ஸ்டபிளிடம், முனகிக்கொண்டிருந்த வைகுண்டராஜைத் தூக்கி உட்கார வைக்கவும், கீழே கிடந்த அரிவாளைத் துணி போட்டு எடுக்கவும் சொன்னார். கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

*

பொழுது அடையும்போது சுருளியாண்டியை ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். அவனால் நிற்க முடியவில்லை. பாதங்கள் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. பாண்டீஸ்வரி அவன் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி, எரிந்த கொட்டகையைத் தாண்டி உள்ளே கொண்டுபோனாள். யாரையும் திட்டவில்லை. யாருக்கும் நன்றியும் சொல்லவில்லை.

அரிவாள் வெட்டுக்குத் தையல் போட வந்த டாக்டர் ஞானசிகாமணி, வாசலிலேயே கிருபாவதியை உட்கார வைத்து ஊசியை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கம்மாள் வந்தாள். பின்னால் தம்பிமார் இருவரும் வெறுங்கையோடு நின்றார்கள்.

“செய்தி வந்துச்சு” என்றாள் கிருபாவதியிடம். வீட்டுக்குள் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “பாண்டீஸ்வரி, நாளைக்கு என் தம்பிமாரு வந்து கொட்டகையக் கட்டிக் குடுப்பாக.”

உள்ளிருந்து பதில் வரவில்லை. அக்கம்மாள் டாக்டரிடம் திரும்பினாள்.

“ஐயா, கொன்னவன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு இன்னொண்ணு தெரியணும். எங்க வீட்டுக்காரரு சமையல்லதான் குத்தமா?”

டாக்டர் ஊசியை நிறுத்தினார்.

“இல்லம்மா. பிரியாணியை மட்டும் சாப்பிட்ட ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. வாசல்ல குடுத்த திராட்சை ஜூஸை மட்டும் குடிச்சிட்டு, பந்திக்கு உக்காராமப் போன பாட்டுக்காரவுகளுக்கு வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் வழியெல்லாம் வேன்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்து, அதே கையால ஜூஸ் மொண்டு ஊத்தியிருக்காங்க. பாவம், அவங்களுக்கும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் ஜூஸைத் தொடவே இல்ல. அவர் கொதிக்கக் கொதிக்கப் போட்டதுல எந்தக் கிருமியும் உயிரோட இருந்திருக்காது.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“புதன்கிழமையே தெரியும்மா. சொன்னேன். எல்லாரும் அரிவாளோட இருந்தாங்க, கேக்கல.”

அக்கம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

“அப்ப மைக்குல சொல்லுங்க. அந்த மண்டபத்துலயே. சோத்துல விஷம் வச்சான்னு எந்த வாசல்ல நின்னு பேசுனாகளோ, அந்த ஊருக்கே கேக்கணும்.”

டாக்டர் கிருபாவதியைப் பார்த்தார். கடைசித் தையல் பாக்கி இருந்தது. “போயிட்டு வாங்க” என்றாள் அவள். அவர் அந்தக் கறை படிந்த வேட்டியோடு தெருவில் இறங்கி நடந்தார்.

சற்று நேரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கி கரகரத்தது. ராயப்பன்பட்டித் தெருக்களில் அவர் குரல் கேட்டது. கோட்டைச்சாமி சமைத்த சாப்பாட்டில் எந்தக் குற்றமும் இல்லை என்றார். அவருடைய கை சுத்தமான கை என்றார். கேட்காதவர்களுக்காக மறுபடியும் சொன்னார்.

அக்கம்மாள் நின்ற இடத்திலேயே, சாம்பல் பறந்துகொண்டிருந்த அந்தத் தெருவில் உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு, புருஷன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.

வீட்டுக் கதவு திறந்தது. பாண்டீஸ்வரி வெளியே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.